இடுக்கண் காலமும் மீட்சிக் காலமும்

அமெரிக்க மருத்துவமனைகளில் செவிலியருக்கு அளிக்கப்படும் தலைமைப் பயிற்சி என்றவுடன், பதவி உயர்வுக்கான நிர்வாகப் படிப்பு என்றே பலரும் எண்ணக்கூடும். ஆனால் புயலிலும் காட்டுத்தீயிலும் கொள்ளைநோயிலும் அந்நாட்டு மருத்துவமனைகள் பட்ட பாட்டைக் கவனித்தால், அப்பயிற்சி முதலில் சென்று சேரவேண்டியவர் மேல்தளத்தில் அமர்ந்திருக்கும் தலைமைச் செவிலிய அதிகாரி அல்லர், ஒரு வார்டின் ஒரு ஷிப்டுக்கு மட்டும் பொறுப்பேற்கும் சார்ஜ் நர்ஸ்தான் என்பது விளங்கும். சார்ஜ் நர்ஸ் எனப்படுபவர் பெரும்பாலும் உடன் பணியாற்றுவோருக்கு மேலதிகாரி அல்லர். அன்றைய பன்னிரண்டு மணி நேரத்தில் எந்த நோயாளியை யார் பார்ப்பது, புதிதாக வருபவரை எந்தப் படுக்கையில் சேர்ப்பது, யாரை எப்போது சாப்பிட அனுப்புவது என்பவற்றை முடிவுசெய்பவர், அதற்காக மணிக்குச் சிறு தொகை கூடுதலாகப் பெறுபவர், அவ்வளவே. எனினும் நெருக்கடி பின்னிரவு இரண்டு மணிக்கு வருமானால், அந்நேரத்தில் கட்டடத்துக்குள் இருந்து முடிவெடுக்கவேண்டியவர் அவரே.

பேரிடர் மேலாண்மை குறித்த அமெரிக்கப் பாடநூல்கள் தணிப்பு, ஆயத்தம், எதிர்வினை, மீட்சி என நான்கு கட்டங்களைச் சொல்லும். எதிர்வினை என்பது இடுக்கண் நேர்ந்துகொண்டிருக்கும் மணி நேரங்களையும் நாட்களையும் குறிக்கும். மீட்சி என்பது அது ஓய்ந்த பின்னர் கட்டடமும் பணியும் மனிதரும் பழைய நிலைக்கு, அல்லது தாங்கக்கூடிய ஒரு புதிய நிலைக்கு, வந்துசேரும் மாதங்களையும் ஆண்டுகளையும் குறிக்கும். இக்கட்டுரையாளர் தமிழ்நாட்டில் செவிலியப் பட்டயப் படிப்பை முடித்து, நியூ ஜெர்சியில் பணிக்குச் சேர்ந்து, சார்ஜ் நர்ஸாகவும் பின்னர் பயிற்றுநராகவும் இருந்த ஆண்டுகளில் தாம் பெற்றதும் பிறருக்குக் கொடுத்ததுமான பயிற்சியை எண்ணிப் பார்க்கையில், அதில் ஏறத்தாழ முழுவதும் எதிர்வினைக்கே செலவானது என்பதையும், மீட்சிக்குக் கிடைத்தது மாலை நான்கு மணிக்கு மேல், எல்லோரும் கார்ச் சாவியைக் கையில் எடுத்த பிறகான கடைசிச் சில நிமிடங்களே என்பதையும் மறுக்க முடிவதில்லை.

எதிர்வினைப் பயிற்சியின் வரலாறு கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. 1970-இல் அம்மாநிலத்தின் தென்பகுதியில் பரவிய காட்டுத்தீயை அணைக்கப் பல ஊர்களிலிருந்து வந்த படைகள், ஒரே பொருளுக்கு வெவ்வேறு பெயர்களையும் வெவ்வேறு வானொலி அலைவரிசைகளையும் பயன்படுத்தித் தவித்ததன் விளைவாக, யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் இன்சிடெண்ட் கமாண்ட் சிஸ்டம் என்னும் கட்டளை முறை உருவாயிற்று. அதனை 1991-இல் ஆரஞ்சு கவுண்டி மருத்துவமனைகளுக்கு ஏற்ப மாற்றியமைக்க, அதே பத்தாண்டில் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியைச் சேர்ந்த சான் மத்தேயோ கவுண்டி அதைத் திருத்தி விரிவாக்கியது. ஹிக்ஸ் என்ற சுருக்கப்பெயரால் இன்று நாடெங்கும் வழங்கும் மருத்துவமனைக் கட்டளை முறை அதன் வழிவந்ததே. இம்முறையில் ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு நிற அங்கியும், ஜாப் ஆக்‌ஷன் ஷீட் எனப்படும் பணிக்குறிப்புத் தாளும் உண்டு. தாளை முழுவதும் படி, அங்கியை அணிந்துகொள், யாரிடம் தகவல் சொல்லவேண்டும் என்பதை உறுதிசெய்துகொள் என்ற வரிசையில் அத்தாள் தொடங்கும். பதற்றத்தில் இருப்பவருக்கு முதலில் வேண்டியது செய்வதற்குச் சிறியதொரு வேலை என்பதை அறிந்தவர்களே இதை எழுதியிருக்கவேண்டும்.

நியூ ஜெர்சி மருத்துவமனையொன்றின் ஜன்னலற்ற கூட்ட அறையில், ஒரு சனிக்கிழமை முழுவதும் நடந்த இத்தகைய வகுப்பில் கட்டுரையாளரும் அங்கி அணிந்து அமர்ந்திருந்தார். ஃபீமா எனப்படும் கூட்டரசுப் பேரிடர் முகமையின் இலவச இணையப் பாடங்களை முடித்துச் சான்றிதழை அச்சிட்டுக் கொண்டுவந்தவர்களுக்கே அனுமதி என்பதால், பலர் முந்தைய இரவுதான் அவற்றை முடித்திருந்தனர். பிற்பகலில் வாகன நிறுத்துமிடத்தில் ஸ்டார்ட் முறையிலான டிரையாஜ் ஒத்திகை நடந்தது. டிரையாஜ் என்பது காயமுற்றோரை அவசரத்தின் அளவுக்கேற்ப வகைபிரித்தல். ஸ்டார்ட் முறையில் அதற்கென ஒருவருக்குக் கிடைப்பது அரை நிமிடம் அல்லது ஒரு நிமிடமே. எழுந்து நடக்கிறாரா, மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டுகிறதா, நகக்கண்ணை அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்குள் இரத்தம் திரும்புகிறதா, சொன்னதைக் கேட்டுச் செய்கிறாரா எனப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளில் ஒன்றைக் கட்டவேண்டும். மூச்சுப்பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சு வரவில்லையெனில் கறுப்பு அட்டையைக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் நகரவேண்டும். சிவப்புச் சாயம் பூசிக் கண்களை மூடிக் கிடந்த கல்லூரி மாணவர் ஒருவருக்குக் கறுப்பு அட்டையைக் கட்டிய கட்டுரையாளர் அங்கிருந்து நகராமல் அவரது கையைப் பிடித்துக்கொண்டே நிற்க, பயிற்றுநர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மாணவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

தமிழ்நாட்டில் பயின்ற செவிலியருக்கு இப்பயிற்சியில் மிகக் கடினமானது அங்கியோ அட்டையோ அன்று. மருத்துவரிடம் தம் கருத்தைச் சொல்வதே. மருத்துவர் வார்டுக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பதும், ‘பேஷண்டுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு டாக்டர், வந்து பார்த்தா நல்லாயிருக்கும்’ என்று இழுத்துச் சொல்வதும், மேட்ரனைத் தாண்டி யாரிடமும் பேசாதிருப்பதும் பயிற்சிக் காலத்திலேயே உடம்பில் ஏறிவிட்ட பழக்கங்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் தொடங்கிய செவிலியர் பள்ளி 1946-இல் பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரியாகி, இந்தியாவில் முதன்முதலில் செவிலியப் பட்டம் அளித்த கல்லூரிகளுள் ஒன்றானது என்பது பெருமைக்குரியதே. ஆயினும் தமிழ்நாட்டின் மிகப் பெரும்பாலான செவிலியர் பயின்றது அத்தகைய இடங்களில் அன்று, கேள்வி கேட்பது துடுக்குத்தனமாகக் கருதப்பட்ட சிறு பள்ளிகளில்தான்.

இப்பழக்கத்தை மாற்றுவதற்கு அமெரிக்க மருத்துவமனைகள் கைக்கொண்ட கருவி எஸ்பார் எனப்படும் நான்கு படிப் பேச்சுமுறையாகும். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் வழங்கிய முறையைத் தழுவி, ஓக்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட கைசர் பெர்மனென்டே நிறுவனத்தார் மருத்துவத்துக்குக் கொண்டுவந்த இம்முறையில், இப்போதைய நிலைமை என்ன, பின்னணி என்ன, அதைப் பற்றித் தன் மதிப்பீடு என்ன, ஆகவே என்ன செய்யவேண்டுமெனத் தான் பரிந்துரைப்பது என்ன என்று அழைப்பவர் வரிசையாகச் சொல்லவேண்டும். முதலிரண்டு படிகளை எவரும் சொல்லிவிடலாம். மூன்றாவதில் குரல் தாழும். நான்காவது பலருக்கு வாயிலேயே வருவதில்லை. கட்டுரையாளர் பயிற்றுநரான பின்னர், தமிழ், மலையாளம், டகாலோக் பேசும் செவிலியரை இருவர் இருவராக எதிரெதிரே அமர்த்தி, ஒருவர் எரிச்சல்பட்ட மருத்துவராகவும் மற்றவர் நள்ளிரவில் அழைக்கும் செவிலியராகவும் நடிக்கச் செய்தபோது, நான்காம் படி வந்ததும் ஏறத்தாழ எல்லோருமே ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், டாக்டர்?’ என்று கேட்டு நிறுத்தினர். ‘நீங்கள் இப்போதே வந்து பார்க்கவேண்டும்’ என்ற ஒரே வாக்கியத்தைத் தயங்காமல் சொல்லிப் பழகுவதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது செலவாயிற்று. அது வீணான பொழுது என்று சொல்வதற்கில்லை.

பேசக் கற்றுக்கொண்டவர்களிடம் முடிவெடுக்கும் உரிமையையும் ஒப்படைத்தால் என்ன நிகழும் என்பதற்கு அப்பயிற்சி வகுப்புகளில் கட்டுரையாளர் ஓயாமல் எடுத்துக்காட்டியது, சான் ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் 5பி வார்டையே. எய்ட்ஸ் நோய் எவ்வாறு பரவுகிறது என்பது உறுதியாகத் தெரியாமல், நோயாளியின் அறைவாசலிலேயே உணவுத் தட்டை வைத்துவிட்டு ஊழியர் நகர்ந்துவிடும் வழக்கம் பல மருத்துவமனைகளில் இருந்த காலத்தில், 1983 ஜூலையில், அந்நோயாளிகளுக்கென்றே அமெரிக்காவில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட உள்நோயாளி வார்டு அது, படுக்கைகள் பன்னிரண்டு. அதை உருவாக்கி ஒருங்கிணைத்தவர் கிளிஃப் மாரிசன் என்னும் செவிலியர். அங்கே பணிபுரிந்த செவிலியர் அனைவரும் தாமே விரும்பி முன்வந்தவர்கள். நோயாளியைக் கையுறையின்றித் தொடுவதும், படுக்கையோரத்தில் அமர்வதும், அணைத்துக்கொள்வதும் அங்கே சிகிச்சையின் பகுதியாயின. தன் குடும்பத்தினர் யார், தன்னோடு யார் இருக்கலாம் என்பதை நோயாளியே முடிவுசெய்தார். ஆகவே பார்வையாளர் நேரம் என்ற கட்டுப்பாடு பொருளற்றுப் போயிற்று.

5பி-யைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் பரிவைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். தலைமைப் பயிற்சியின் நோக்கில் அதனினும் கவனிக்கத்தக்கது வேறொன்று உண்டு. 1974-இல் சார்ல்ஸ் கார்ஃபீல்டு பெர்க்லியில் தொடங்கிய சாந்தி என்ற தன்னார்வ அமைப்பின் ஆலோசகர்கள் அந்த வார்டிலேயே இடம்பெற்றிருந்தனர். இளைஞர்கள் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்த இடத்தில் நோயாளிக்கும் அவருடைய துணைவருக்கும் மட்டுமன்றிப் பணியாளருக்கும் அவர்களின் துணை கிடைத்தது. துயரத்தைத் தாங்கும் ஏற்பாடு, இடுக்கண் முடிந்த பிறகு தனியாகச் செய்யவேண்டிய வேலையாக ஒத்திப்போடப்படவில்லை. முதல் நாளிலிருந்தே வார்டின் அன்றாடத்தில் அது சேர்ந்திருந்தது. கட்டுரையாளர் அறிந்தவரை இதனினும் தெளிவான மீட்சிப் பாடம் அமெரிக்கச் செவிலியத்தில் இல்லை.

அதே விரிகுடாப் பகுதியின் வடக்கே, 2017 அக்டோபர் 9 அன்று விடிவதற்கு முன் டப்ஸ் எனப் பெயரிடப்பட்ட காட்டுத்தீ சான்ட்டா ரோசா நகருக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த பெரிய மருத்துவமனைகளுள் இரண்டிலிருந்து நோயாளிகளை வெளியேற்ற நேர்ந்தது. ஆம்புலன்ஸ் போதாமல் நகரப் பேருந்துகளும் ஊழியரின் சொந்தக் கார்களும் பயன்பட்டன. நோயாளிகளை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தோருள் பலரின் வீடுகள் அதே இரவில் எரிந்தன. அவற்றுள் ஒரு மருத்துவமனை மீண்டும் திறக்க இரண்டு வாரத்துக்கும் மேலாயிற்று. திறந்த அன்று பணிக்கு வந்தவர்களில் வீடிழந்தோரும் இருந்தனர் என்பதையும், அவர்களுக்கு ஷிப்டு போடவேண்டிய பொறுப்பு ஒரு சார்ஜ் நர்ஸின் கையில் இருந்தது என்பதையும் எந்தப் பணிக்குறிப்புத் தாளும் கணக்கில் கொள்வதில்லை.

இடுக்கணைத் தாங்கிய பணியாளரை யார், எப்போது விடுவிப்பது என்ற கேள்விக்கு டெக்சஸில் பாதி விடை உண்டு. 2001 ஜூனில் ஆலிசன் புயல்மழை ஹூஸ்டனின் டெக்சஸ் மெடிக்கல் சென்டரை மூழ்கடித்து, மின்சாரமற்ற ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை மாடிப்படி வழியே இறக்கவேண்டிய நிலை ஏற்பட்ட பிறகு, அவ்வளாகத்தில் வெள்ளத்தடுப்புக் கதவுகள் பொருத்தப்பட்டன. வளைகுடாக் கடலோர மருத்துவமனைகள், புயல் முழுவதும் உள்ளேயே தங்கிப் பணிபுரியும் ரைடு-அவுட் அணி, புயல் கடந்ததும் வந்து அவர்களை விடுவிக்கும் ரிலீஃப் அணி எனச் செவிலியரை முன்கூட்டியே இரண்டாகப் பிரித்தும் வைக்கின்றன. ஏற்பாடு நல்லதே. ஆனால் 2017 ஆகஸ்டு 25 அன்று ராக்போர்ட் அருகே கரையேறிய ஹார்வி புயல் ஹூஸ்டன் மேல் பல நாள் நின்று பெய்தபோது, சாலைகள் ஆறாகி ரிலீஃப் அணி வந்துசேர முடியவில்லை. கட்டுரையாளருடன் ஒரே விடுதியில் தங்கிப் படித்த தோழி ஒருவர் அப்போது ரைடு-அவுட் அணியில் இருந்தார். மூன்று மாற்றுடையும் ஒரு பொட்டலம் புளியோதரையும் எடுத்துச் சென்றவர், சீருடையைக் கைகழுவும் தொட்டியில் துவைத்து உலர்த்தியதையும், கூட்ட அறைத் தரையில் முறைவைத்து உறங்கியதையும் பிற்பாடு தொலைபேசியில் விவரித்தார். அவர் சொன்னவற்றுள் மனத்தில் தங்கியது, விடுவிக்கப்பட்டு வீடு சேர்ந்த மறுநாளே, நனைந்த கம்பளங்களை வீதியில் இழுத்துப் போட்டுவிட்டு மீண்டும் வழக்கமான ஷிப்டுக்குத் திரும்பியதைத்தான். ‘புயல்ல நாங்க எல்லாரும் ஒண்ணா இருந்தோம்டீ, அதுக்கப்புறம்தான் ஆளாளுக்குத் தனியாயிட்டோம்’ என்பது அவர் கூற்று.

டெக்சஸ் செவிலியருக்கு வேறொரு பாதுகாப்பும் உண்டு. தமக்கு ஒதுக்கப்பட்ட பணி நோயாளிக்குத் தீங்காகும் என நம்பும் செவிலியர், பணியை ஏற்கும் நேரத்திலேயே ‘சேஃப் ஹார்பர்’ என்ற சட்டப் பாதுகாப்பை எழுத்து மூலம் கோரலாம். அவ்வாறு நன்னம்பிக்கையுடன் கோரியவரின் உரிமத்தையோ வேலையையோ அதன்பொருட்டுப் பறிக்க இயலாது. கலிஃபோர்னியாவில் 2004 முதல் நடப்பிலுள்ள செவிலியர்–நோயாளி விகிதச் சட்டம் எண்ணிக்கையையே நிர்ணயிப்பதால் இதனினும் வலியது. எனினும் 2020 டிசம்பரில் கோவிட் பெருகியபோது மாநிலம் தற்காலிக விலக்கு அளிக்க, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியர் இருவருக்குப் பதிலாக மூவரைப் பார்க்க நேர்ந்தது. சட்டம் தளரும் அந்நேரத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பதை வார்டில் நின்று முடிவுசெய்வதும் தலைமையே. அதற்கான வகுப்பு எதையும் கட்டுரையாளர் கண்டதில்லை.

மீட்சியைப் பேரிடர்ப் பணியின் மையமாகக் கருதிய முன்னோடி ஒருவரை நியூ ஜெர்சியும் டெக்சஸும் பகிர்ந்துகொள்கின்றன. கிளாரா பார்ட்டன் 1852-இல் நியூ ஜெர்சியின் பார்டன்டவுனில் இலவசப் பொதுப்பள்ளி ஒன்றைத் தொடங்கி, அது வளர்ந்து பெரிதானதும் அதன் தலைமைப் பொறுப்பு ஓர் ஆணுக்குக் கூடுதல் ஊதியத்துடன் தரப்பட்டதால் அங்கிருந்து விலகியவர். முறையான செவிலியப் பயிற்சி பெறாதவர். பின்னர் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர். 1900 செப்டம்பர் 8 அன்று கால்வெஸ்டன் தீவில் பல்லாயிரவரைப் பலிகொண்ட புயலுக்குப் பின், 78 வயதில் அங்கு சென்று ஏறத்தாழ இரண்டு மாதம் தங்கினார். உணவும் உடையும் வழங்கியதோடு நில்லாமல், நிலப்பகுதியில் பயிரிழந்த உழவர்களுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ராபெரி நாற்றுகளை அவருடைய குழு வழங்கியது. நிவாரணம் வழங்க வந்தவர்கள் அடுத்த பருவத்து விளைச்சலைக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்பதே இங்கு வியப்புக்குரியது.

நியூ ஜெர்சியின் பெருஞ்சோதனை 2020-இல் வந்தது. மார்ச் 4 அன்று முதல் கோவிட் நோயாளி அறிவிக்கப்பட்ட அம்மாநிலத்தில், ஏப்ரல் நடுவில் மருத்துவமனைகளில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். நாள்தோறும் டிரெண்டனில் ஆளுநருக்கு அருகில் அமர்ந்து அவ்வெண்களை வாசித்த சுகாதார ஆணையர் ஜூடித் பெர்சிகிலி, தீவிர சிகிச்சைச் செவிலியராகத் தம் பணியைத் தொடங்கியவர், அப்பதவியை வகித்த முதல் பதிவுபெற்ற செவிலியர். கண்காட்சிகளுக்கும் விழாக்களுக்கும் இந்தியக் குடும்பங்கள் சென்றுவந்த எடிசன் கண்காட்சிக் கூடத்தில் படுக்கைகள் வரிசையாகப் போடப்பட்டுத் தற்காலிக மருத்துவமனை எழுந்தது.

அவ்வாரங்களில் கட்டுரையாளர் கண்டவற்றுள், ஹிக்ஸ் முறை பயனற்றுப் போகவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்யவேண்டும்: அங்கிகளை யாரும் அணியவில்லையென்றாலும், யாரிடம் கேட்பது என்பதில் குழப்பமில்லை. ஷிப்டின் தொடக்கத்தில் எல்லோரும் நின்றபடியே ஐந்து நிமிடம் கூடிப் பேசும் ஹடில் என்ற சிறு கூட்டத்தில், நேற்று மாறிய விதி இன்று எவ்வாறு மாறியிருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, இரவில் இறந்தவர்களின் பெயர்களைச் சார்ஜ் நர்ஸ் ஒருவர் தாமாகவே வாசிக்கத் தொடங்கினார். எந்தக் கையேட்டிலும் இல்லாத அவ்வழக்கத்தை எவரும் தடுக்கவில்லை. ஒரு கையில் ஐபேடைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் நோயாளியின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, திரையில் அழும் குடும்பத்தாருக்கு முகம் தெரியும்படி நிற்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கை நடுங்கத் தொடங்கும்போது மற்றொருவர் ஒன்றும் பேசாமல் வந்து வாங்கிக்கொள்ளவேண்டும். இதைப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் தலைமைப் பயிற்சியில் அடங்கும் என்றே கட்டுரையாளர் கருதுகிறார்.

கோடையில் எண்கள் இறங்கின. விலகல் கடிதங்கள் ஏறின. கட்டுரையாளர் அப்போது பணியாற்றிய மருத்துவமனையில், பெயர் இங்கு தேவையில்லை, டிப்ரீஃப் எனப்படும் பின்னாய்வுக் கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்து, முகக்கவச இருப்பு பற்றிய அட்டவணை காட்டப்பட்டு, பீட்சா வழங்கப்பட்டது. இரண்டாம் துண்டை எடுத்தவர் எவருமில்லை. இடுக்கணின்போது ஒருநாள்கூட விடுப்பெடுக்காதவர்கள் அதற்கடுத்த ஆண்டில்தான் ஒவ்வொருவராகப் போனார்கள் என்பதே கண்கூடாகத் தெரிந்தது. அவர்களைத் தடுத்து நிறுத்த என்ன பேசுவது என்பது சார்ஜ் நர்ஸுகளுக்குத் தெரியவில்லை, அது தம் பொறுப்பு என்றும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நியூ பிரன்ஸ்விக்கில் ஏறத்தாழ 1,700 செவிலியர் ஆள்பற்றாக்குறையை முன்வைத்துத் தொடங்கிய வேலைநிறுத்தம் டிசம்பர் வரை நீடித்ததும், கோவிடின் மீட்சிக் கட்டத்தைச் சேர்ந்த நிகழ்வாகவே கணிக்கத்தக்கது.

இதற்கிடையில் நியூ ஜெர்சியில் ஒரு நல்ல முயற்சி தொடங்கியது. மாநிலச் செவிலியர் மையத்தின் வழியாக அமைந்த செவிலியர் மனநலத் திட்டம், கடற்படையிலும் மரைன் படையிலும் உருவாகிய ஸ்ட்ரெஸ் ஃபர்ஸ்ட் எய்டு என்ற மன அழுத்த முதலுதவி முறையைச் செவிலியருக்குக் கற்பிக்கிறது. செவிலியரின் அழைப்புக்குச் செவிலியரே பதிலளிக்கும் நர்ஸ்2நர்ஸ் என்ற தொலைபேசிச் சேவையும் அதைச் சேர்ந்ததே. அம்முதலுதவி முறை ஒருவரின் நிலையைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனப் பிரித்து, உடன் பணிபுரிபவர் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு நகர்வதைக் கண்டுகொள்ளவும், அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது, அவர் மூச்சுவிடுமளவும் அவருடைய வேலையை யார் பார்ப்பது என்று முடிவுசெய்யவும் பழக்குகிறது. வாகன நிறுத்துமிடத்தில் பிறருக்குக் கட்டிய அட்டைகளைச் செவிலியர் தமக்கே கட்டிப் பார்க்கும் இப்பாடம், ஒரு மணி நேரப் பேச்சாக நின்றுவிடாமல் வார்டின் ஹடிலில் அன்றாடம் இடம்பெற்ற இடங்களில் பயன் தந்ததைக் கட்டுரையாளர் கண்டிருக்கிறார். குறை என்னவெனில், இது விரும்பியவர் தம் சொந்த நேரத்தில் கற்பதாக இருக்கிறது. கட்டளை முறைப் பாடமோ பணியின் கட்டாயப் பகுதியாக இருக்கிறது.

கூட்டரசு விதிப்படி மருத்துவமனைகள் ஆண்டுக்கு இருமுறை பேரிடர் ஒத்திகை நடத்தியாகவேண்டும். அவற்றுள் ஒன்றை, புயலோ தொற்றோ ஓய்ந்து மூன்று மாதம் ஆனதாக வைத்துக்கொண்டு நடத்தலாம்: ஆறு பேர் விலகிய வார்டு, வீடிழந்த ஒருவர், தூக்கம் வராத இருவர், வழக்கம்போல் நிரம்பிய படுக்கைகள் ஆகியவற்றைச் சார்ஜ் நர்ஸின் கையில் கொடுத்து, அன்றைய பணிப்பட்டியலை அவரே எழுதட்டும். அதற்குப் புதிய சட்டமோ தனிக் கட்டடமோ வேண்டியதில்லை. அவர் வகுப்பில் இருக்கும் எட்டு மணி நேரத்துக்கு அவருடைய வார்டில் மாற்றாள் ஒருவரை ஊதியம் கொடுத்து நிறுத்த மருத்துவமனை முன்வரவேண்டும்.